முதல் முறையாக வீட்டில் பிள்ளையார் சதுர்த்தி: மண் வாங்குவது முதல் கரைப்பது வரை

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொண்டதால் இதுவரை பூஜைப் பொறுப்பே எடுக்காதவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மந்திரம் தெரியாது, முறை தெரியாது, ஏதாவது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கத்திலேயே பலர் கடையில் நாலு கொழுக்கட்டை வாங்கிச் சாப்பிட்டுப் பண்டிகையை முடித்துவிடுகிறார்கள். பிள்ளையாரிடம் அந்தப் பயமே வேண்டாம். அரசமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் முச்சந்தியிலும் கூரைகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் அவர். மஞ்சளைப் பிடித்து வைத்தாலும் வருவார், சாணத்தைப் பிடித்து வைத்தாலும் வருவார். அவருக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மட்டும் காசு கொடுத்து முடித்துவிடாமல் உங்கள் கையால் செய்யுங்கள். புல்லை நீங்களே ஆயுங்கள், மாவை நீங்களே பிசையுங்கள், கடைசியில் மண்ணையும் நீங்களே கரையுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

ஆவணி மாத வளர்பிறைச் சதுர்த்தி, அதாவது அமாவாசை கழிந்த நாலாம் திதி. சில வருடங்களில் புரட்டாசித் தொடக்கத்துக்கும் தள்ளிப்போகும். சந்திரனை வைத்த கணக்கு என்பதால் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும்: 2023இல் செப்டம்பர் 18, 2024இல் செப்டம்பர் 7, 2025இல் ஆகஸ்ட் 27. உச்சிப் பொழுதில் சதுர்த்தித் திதி எந்த நாளில் இருக்கிறதோ அந்த நாளில் கொண்டாடுவது வழக்கம். நீங்கள் கணக்குப் போட வேண்டாம், வீட்டு நாட்காட்டியில் போட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூஜையைக் காலையிலோ நண்பகலை ஒட்டியோ செய்யலாம். ராகு காலம், எமகண்டம் மட்டும் தவிர்த்துக்கொள்வார்கள். 2025இல் புதன்கிழமை வந்தது. புதன் எமகண்டம் 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. ஆக 9 மணியிலிருந்து 12 மணிவரை தாராளமாக நேரம் இருந்தது. அந்தந்த வருடக் கிழமைக்கு நாட்காட்டியின் ஓரத்திலேயே நேரம் அச்சிட்டிருக்கும். அலுவலகம் போகிறவர்கள் விடியற்காலையிலேயே செய்துவிட்டுக் கிளம்பலாம், மாலையில் செய்தாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். குடும்பத்தில் அந்த வருடம் துக்கம் நடந்திருந்தால் மட்டும் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும்.

முந்தின நாள் மாலை: கடைத்தெரு

பிள்ளையாரைச் சதுர்த்தி அன்று காலையில் போய் வாங்குவதுதான் பழைய வழக்கம். வீட்டிலிருந்து ஒரு மணையை எடுத்துக்கொண்டு போய், அதில் உட்காரவைத்து, குடை பிடித்துக் கூட்டிவருவார்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்கள், தனியாகச் சமைப்பவர்கள் முந்தின நாள் மாலையே வாங்கிவிடுங்கள். காலை நேர நெரிசலில் பாதிப் பொழுது போய்விடும்.

வாங்கும்போது சுடாத களிமண்தானா என்று பாருங்கள். அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து, குன்றிமணியில் கண் வைத்து, நம் கண்முன்னாலேயே தருவார்கள். அதுதான் சரியான பிள்ளையார். சூளையில் சுட்ட பொம்மை செங்கல் நிறத்தில் இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும், ஆனால் தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை வெள்ளையாக வழவழவென்று இருக்கும், வர்ணம் பளபளக்கும், அதுவும் வேண்டாம். 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் தெர்மாகோலையும் கூடாதென்றே சொல்கின்றன. உயரம் ஒரு சாண் போதும். உங்கள் வீட்டு வாளிக்குள் முழுதாக முழுகுகிற அளவுதான் உங்களுக்கான அளவு.

இன்னொன்று, மண் பிள்ளையாருக்குப் பேரம் பேசாதீர்கள். வருடத்தில் இரண்டு மூன்று நாள் வியாபாரத்தை நம்பிக் குடும்பத்தோடு மண் மிதித்துச் செய்கிறவர்கள் அவர்கள்.

ஈர மண்ணாக இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், வெடித்துவிடும். தட்டில் வைத்து நிழலில் விட்டுவிடுங்கள். குன்றிமணிக் கண்ணில் கவனம் வேண்டும். அந்த விதை கடும் விஷம். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் பிள்ளையாரை உயரமான இடத்தில் வையுங்கள்.

அப்புறம் பூவும் புல்லும். எருக்கம்பூ மாலை, அருகம்புல் கட்டு இரண்டும் அவசியம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் பிடுங்கி எடுத்துவிடும் என்பதால் மாலையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அருகம்புல்லைக் கட்டாக வாங்கினாலும் உட்கார்ந்து ஆய வேண்டும். மண்ணும் காய்ந்த தாளும் கோரைப்புல்லும் கலந்திருக்கும். நுனி பிரிந்த இளம்புல்லாகப் பார்த்து எடுத்து, அலசி, இருபத்தொன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாருக்கு வயிறு தகித்ததாம், முனிவர்கள் இருபத்தொரு அருகம்புல்லைச் சார்த்தியதும் சூடு தணிந்ததாம். இந்தக் கதையை, புல் ஆயும்போது பக்கத்தில் வந்து உட்காரும் குழந்தைக்குச் சொல்லுங்கள். அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இருபத்தொரு வகை இலை சார்த்துவதும் ஒரு முறை. மாசிப்பச்சை, வில்வம், நாயுருவி, வன்னி, நொச்சி, மாதுளை, அரளி, ஊமத்தை என்று பட்டியல் நீளும். சந்தையில் ‘பத்திரி’ என்று கட்டாகவே கிடைக்கும். கிடைக்காவிட்டால் கவலையே படாதீர்கள், அருகம்புல் ஒன்றே போதும். கிடைத்தால் அதில் ஊமத்தை, அரளி போன்ற விஷ இலைகளும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளையாருக்கு மற்ற நாளில் துளசி சார்த்த மாட்டார்கள், இந்த ஒரு நாள் மட்டும் துளசிக்கும் இடம் உண்டு.

பழத்தில் விளாம்பழம் முக்கியம். நாவல்பழம் சில வருடம் கிடைக்கும், சில வருடம் பருவம் முடிந்திருக்கும். வாழைப்பழம், கொய்யா, பேரிக்காய், சோளக்கதிர், கம்பங்கதிர் என்று அந்தப் பருவத்தில் வருவது எதுவானாலும் சரி. தேங்காய் மூன்று வாங்குங்கள்: ஒன்று பூஜைக்கு, ஒன்று பூரணத்துக்கு, ஒன்று தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய். வெற்றிலை, பாக்கு, கற்பூரம், சாம்பிராணி, பூணூல், காகிதக் குடை, அவல், பொரி, பொட்டுக்கடலை, உருண்டை வெல்லம், இரண்டு வாழை இலை. இதோடு கடைவேலை முடிந்தது.

கொழுக்கட்டை

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தி அன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைக்கிறார்கள். நமக்கு ஒரு கப் மாவு போதும், பதினைந்து இருபது வரும்.

முதலில் பூரணம். இதை முந்தின இரவே செய்து மூடி வைத்துவிட்டால் காலையில் பாதி பாரம் குறைந்துவிடும். பொடித்த வெல்லம் முக்கால் கப், அது நனைகிற அளவு தண்ணீர். கரைந்ததும் கட்டாயம் வடிகட்டுங்கள், வெல்லத்தில் மண் இல்லாமல் இருக்காது. வடிகட்டியதை அடுப்பில் ஏற்றி, ஒரு கப் தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிளறுங்கள். ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது ஏலக்காய்த் தூள் போட்டு இறக்குங்கள். இன்னும் ஒரு நிமிடம் கூட வைத்தால் ஆறியதும் கல்லாகிவிடும், முன்னாலேயே இறக்கினால் கொழுக்கட்டைக்குள் கசிந்து ஓடும். கொஞ்சம் தளர்ந்துவிட்டதென்றால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவிக் கிளறினால் சரியாகிவிடும். ஆறியதும் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேல்மாவு. பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே அரைத்து, நைசாகச் சலித்துக்கொள்ளலாம். நேரமில்லாதவர்களுக்குக் கடையில் கொழுக்கட்டை மாவு என்றே கிடைக்கிறது, தப்பில்லை. ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கப் தண்ணீர். புது அரிசி குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி அதிகம் குடிக்கும் என்பதால்தான் இந்தக் கால் கப் வித்தியாசம். தண்ணீரில் உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, ஒரு கையால் மாவைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். முழுக்கத் திரண்டதும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மூடி வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் உள்மாவு வேகிறது, அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

சூடு கைபொறுக்கும் பக்குவத்துக்கு வந்ததும், கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு நன்றாக அழுத்திப் பிசையுங்கள். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடியே வையுங்கள். கொழுக்கட்டை வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் மாவு காற்றில் காய்ந்துபோவதுதான்.

இப்போது சொப்பு. எலுமிச்சை அளவு மாவை விரிசல் இல்லாமல் உருட்டுங்கள். இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. அப்புறம் கட்டைவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயும் இருக்க, மாவைச் சுற்றிக்கொண்டே ஓரத்தை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். சுற்றுவது இடது கை, அழுத்துவது வலது கை. அடிப்பக்கம் கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும், பூரணத்தின் பாரத்தைத் தாங்க வேண்டுமே. கிண்ணம் மாதிரி ஆனதும் ஒரு பூரண உருண்டையை வைத்து, விளிம்புகளை மேலே கூட்டி, நுனியில் ஒரு மூக்கு. சொப்பு விளிம்பு கிழிந்தால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டிவிடுங்கள். ஆசைப்பட்டுப் பூரணத்தை அதிகம் அடைக்காதீர்கள். முதல் ஐந்தாறு கோணலாகத்தான் வரும், அதற்குப்பின் கை தானாகப் பழகிவிடும். அச்சு வைத்தும் செய்யலாம், என்றாலும் குறைந்தது ஐந்தாவது கையால் பிடித்துப் பாருங்கள்.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவி எட்டு முதல் பத்து நிமிடம் ஆவி. மேல்பாகம் பளபளவென்று, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. உடனே எடுக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆறினால் உடையாமல் வரும்.

உப்புக் கொழுக்கட்டைக்கு ஊறவைத்த உளுத்தம்பருப்பை மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு கொரகொரவென்று அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் சேர்த்தால் பூரணம் தயார். இதைச் சோமாசி மாதிரி மடித்து மூடுவார்கள், பார்த்தவுடன் இனிப்பு எது காரம் எது என்று தெரிந்துவிடும். மீந்த மாவைச் சிறு சிறு உருண்டையாக்கி வேகவைத்துத் தாளித்தால் அம்மிணிக் கொழுக்கட்டை. குழந்தைகளுக்கு வேலை கொடுக்க இதைவிடச் சிறந்தது கிடையாது.

வடை, பாயசம், சுண்டல், அப்பம் எல்லாம் முடிந்தால் செய்யுங்கள். முதல் வருடம் இனிப்புக் கொழுக்கட்டை, ஒரு சுண்டல், அதோடு அவல் பொரி. அவ்வளவே நிறைவான படையல். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, பூஜை நேரத்தில் இடுப்பொடிந்து எரிச்சலோடு நிற்பதில் யாருக்கும் சந்தோஷமில்லை. படைக்கும்வரை ருசி பார்ப்பதில்லை என்பதால் உப்பு, வெல்லத்தை மட்டும் அளந்து போடுங்கள்.

பூஜை

வாசலில் கோலம், நிலைப்படியில் மாவிலை. மணையில் ஒரு கோலம் போட்டு, மேலே வாழை இலை விரித்து, கொஞ்சம் பச்சரிசி பரப்பி, அதன்மேல் பிள்ளையாரைக் கிழக்குப் பார்த்து உட்காரவையுங்கள். குடையைப் பின்னால் செருகுங்கள். தொப்புளில் ஒரு நாணயத்தை அழுத்தி வைப்பது பல வீடுகளில் உண்டு. சந்தனம், குங்குமம், பூணூல், பஞ்சில் திரித்த மாலை, எருக்கம்பூ மாலை. மண் ஈரமாக இருந்தால் குங்குமத்தை அழுத்தாமல் தொட்டு வையுங்கள்.

விளக்கேற்றி, ஒரு வெற்றிலையில் மஞ்சளைக் குழைத்துப் பிடித்துச் சின்னதாக ஒரு பிள்ளையார் வையுங்கள். பிள்ளையார் பூஜைக்கே இன்னொரு பிள்ளையாரா என்று கேட்பார்கள். ஆமாம், எந்தக் காரியமும் தடையில்லாமல் நடக்க முதலில் மஞ்சள் பிள்ளையார், இந்தக் காரியத்துக்கும் அப்படித்தான். ஒரு பூ, கொஞ்சம் அட்சதை, ஒரு வாழைப்பழம், இவ்வளவுதான் அவருக்கு.

பிறகு உங்கள் பெயர், வீட்டில் இருப்பவர்கள் பெயர், எதற்காக வேண்டிக்கொள்கிறீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும். அடுத்து அர்ச்சனை. சமஸ்கிருத நாமாவளி தெரிந்தவர்கள் அதைச் சொல்லலாம். தெரியாதவர்கள் ‘பிள்ளையாரப்பா போற்றி’, ‘விநாயகா போற்றி’, ‘ஐங்கரனே போற்றி’, ‘ஆனைமுகனே போற்றி’ என்று அவர் பெயர்களைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு அருகம்புல்லாக இருபத்தொன்றையும் சார்த்துங்கள். ஔவையார் பாடிய ‘பாலும் தெளிதேனும்’ நாலே அடி, சின்ன வயதில் படித்தது நாக்கில் இருக்கும். அவருடைய விநாயகர் அகவல் எழுபத்திரண்டு அடி. வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம், பொறுமையாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். எனக்கு இந்த நாளில் எல்லாவற்றையும்விட இந்த வாசிப்புதான் பிடிக்கும்.

சாம்பிராணி காட்டி, தீபம் காட்டி, இலையில் எல்லாப் பண்டங்களையும் எடுத்துவைத்து, தண்ணீரால் இலையைச் சுற்றி நிவேதனம் செய்யுங்கள். தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, கற்பூர ஆரத்தி. அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றாதீர்கள், ஓடும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தோப்புக்கரணம். இடது கையால் வலது காதையும், அதற்கு வெளியே வலது கையைக் கொண்டுபோய் இடது காதையும் பிடித்து உட்கார்ந்து எழ வேண்டும். மூன்று, ஐந்து, முடிந்தவர்கள் இருபத்தொன்று. விஷ்ணுவின் சக்கரத்தைப் பிள்ளையார் விளையாட்டாக விழுங்கிவிட, அவரைச் சிரிக்கவைத்து வெளியே வரவழைக்க மாமன் போட்டதுதான் முதல் தோப்புக்கரணம் என்று கதை. முட்டி வலிக்கிற பெரியவர்கள் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டால் போதும்.

சாப்பிடுமுன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்புங்கள். புது ஊரில் பழக்கம் பிடிக்க இதைவிட நல்ல நாள் எது?

அன்றிரவு வானத்தைப் பார்க்காமல் இருப்பது வழக்கம். பிள்ளையாரின் தொந்தியைப் பார்த்துச் சிரித்த சந்திரன் சாபம் வாங்கிக்கொண்ட நாள். ‘நாலாம் பிறை பார்த்தவன் நாய்படாத பாடு படுவான்’ என்பார்கள். கண்ணன்மேலேயே சியமந்தக மணியைத் திருடியதாகப் பழி வந்தது அன்று சந்திரனைப் பார்த்ததால்தான் என்பது புராணம்.

மறுநாளும் கரைப்பதும்

மறுநாள் காலை விளக்கேற்றி, பூ வைத்து, தயிர்சாதமோ சுண்டலோ படைத்து, ஆரத்தி காட்டிவிட்டு மணையை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். பிள்ளையார் புறப்படத் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். சிலர் அன்றே கரைப்பார்கள், சிலர் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். வைத்திருக்கும்வரை தினமும் விளக்கும் ஏதாவதொரு நிவேதனமும் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்றாம் நாளே நல்லது.

கடலுக்கும் ஏரிக்கும் போகத்தான் வேண்டும் என்பதில்லை. போவதானால் மாவட்ட நிர்வாகம் அறிவித்த இடத்துக்கு மட்டும் போங்கள். ஒரு சாண் பிள்ளையாருக்கு வீட்டு வாளியே போதும் என்பது என் கட்சி. கூட்டமில்லை, அவசரமில்லை, குழந்தைகள் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். முதலில் மாலை, பூணூல், குடை, குன்றிமணி, நாணயம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சுத்தமான வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, கொஞ்சம் மஞ்சள், நாலு பூ. ‘போய்வாரும் பிள்ளையாரப்பா, அடுத்த வருடமும் வாரும்’ என்று சொல்லி வீட்டில் எல்லோரும் கை தொட்டு மெல்ல இறக்குங்கள். கிளறவோ குத்தவோ வேண்டாம். உலர்ந்த மண் தானாகவே தண்ணீரைக் குடித்துச் சில மணி நேரத்தில் இளகிவிடும், கெட்டியாக இருந்தால் மறுநாள் காலைக்குள் கரைந்திருக்கும்.

கரைந்த மண்நீரைச் செடித்தொட்டிகளில் பிரித்து ஊற்றுங்கள். களிமண் என்பதால் ஒரே தொட்டியில் கொட்டினால் இறுகி வேருக்குக் காற்று போகாது. தொட்டி இல்லாதவர்கள் தெருவில் ஏதாவது ஒரு மரத்தடியில் ஊற்றலாம். வடிகாலில் மட்டும் ஊற்றவே வேண்டாம். இலைகளும் பூக்களும் உரக்குழிக்கு. குன்றிமணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் டப்பாவில் போட்டு மூடி வைத்தால் அடுத்த வருடப் பிள்ளையாருக்கும் அதுவே கண். நாணயத்தை அரிசி டப்பாவிலோ உண்டியலிலோ போட்டு வையுங்கள். மணையின்மேல் பரப்பிய பச்சரிசியைப் பொங்கலாக்கிச் சாப்பிட்டுவிடலாம்.